மைதானம் காலியாக இருக்கும் மாதங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு அணிக்கு வருடத்துக்கு 12 ஆட்டங்கள். நன்றாக ஆடினால் ஒன்றிரண்டு கூடும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் நவம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் மைதானம் சும்மா கிடக்கும். அதற்குப் பெயர் ஆஃப் சீசன். ரசிகனுக்கு அதுதான் கஷ்ட காலம். பார்க்க ஆட்டம் இருக்காது, படிக்கச் செய்தி மட்டும் இருக்கும். எந்த கோச் போகிறார், எந்தப் பையன் வேறு கல்லூரிக்கு மாறுகிறான், டிவி ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவுக்கு.

(ஃபுட்பால் என்று நான் சொல்வது காலால் உதைக்கும் ஆட்டத்தை அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி, மோதி, விழுகிற ஆட்டம்.)

எங்கள் அணியின் சரித்திரத்தை எழுதச் சொன்னால் நான் ஆட்டங்களை விட்டுவிட்டு ஆஃப் சீசன்களைத்தான் எழுதுவேன். எங்களுக்கு நடந்த பெரிய விஷயங்கள் எல்லாம் பந்து உருளாத நாட்களில்தான் நடந்தன. நாங்கள் செய்த பெரிய விஷயங்களும் அப்படித்தான்.

எங்கள் அணி என்பது ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஊர் கோர்வாலிஸ். சுமார் 60,000 பேர் வாழும் மழை ஊர். சின்னம் பீவர், பல்லால் மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் பிராணி. முதுகலை படிக்கப் போன எனக்கு 2018-இல் யாரோ ஒரு டிக்கெட் கொடுத்தார்கள். சும்மாதானே என்று போனேன். அந்த வருடம் 12 ஆட்டத்தில் 2 ஜெயித்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒன்றுமே இல்லை தம்பி" என்கிற தோரணையில் சிரித்தார். 1971 முதல் 1998 வரை, தொடர்ந்து 28 சீசன்கள், இந்த அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அத்தனையையும் அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தோற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்று அன்றே புரிந்தது. வேறொன்று புதிதாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் எங்கள் கூட்டணியை விட்டுப் போயின.

கூட்டணி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி அணிகள் தனித்தனியாக ஆடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' வைத்துக்கொள்வார்கள். ஆட்ட அட்டவணை, டிவி பணம், பரம்பரைப் பகை எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் கூட்டணி 1915 டிசம்பரில் போர்ட்லாண்ட் நகரின் ஒரு ஹோட்டலில் பிறந்தது. நான்கு பேர் கூடினார்கள்: கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நாங்கள். அன்று எங்கள் பெயர் ஓரிகன் விவசாயக் கல்லூரி. பெயர்கள் மாறி, எண்ணிக்கை கூடி, கடைசியில் பாக்-12 ஆனது. பசிபிக் கரையோரத்துப் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் 2022 ஜூன் 30 அன்றே, 2024-இல் பிக் டென் கூட்டணிக்குப் போவதாக அறிவித்துவிட்டன. பிக் டென் என்றால் அமெரிக்காவின் நடுப்பகுதி. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. மிச்சமிருந்த ஒன்பது பேர் முன் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் வைக்கப்பட்டது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து வருமானம். ஆகஸ்ட் 4 காலையில் கையெழுத்து ஆகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அன்று ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன. பசிபிக் கரையில் நின்றுகொண்டு அட்லாண்டிக்!

மிஞ்சியது இரண்டே பேர். நாங்களும், வாஷிங்டன் ஸ்டேட்டும்.

எனக்கு ஓரிகன் போனதுதான் வலித்தது. அவர்களுடைய யூஜீன் நகரம் எங்களிடமிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஒரே மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள். 1894-இலிருந்து மோதுகிறோம். 2022 நவம்பரில் அவர்களிடம் 31-10 என்று பின்தங்கியிருந்து 38-34 என்று ஜெயித்தோம். அந்த வருடம் மொத்தம் 10 வெற்றி. அதாவது, நாங்கள் விடப்பட்டது மோசமாக ஆடியதால் இல்லை. ஊர் சிறியது, டிவி பார்க்கும் வீடுகள் குறைவு. அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கணக்கு எப்போது தொடங்கியது? 1984 ஜூன் மாதம் என்பேன். அதுவும் ஆஃப் சீசன்தான். அதுவரை கல்லூரி ஆட்டங்களில் எது, எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு முடிவுசெய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. இது வணிகப் போட்டியைத் தடுக்கும் ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், இளவயதில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். ஆட்டத்தை வெறும் வியாபாரமாகப் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. சட்டப்படி தீர்ப்பு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதன்பின் ஒவ்வொரு கூட்டணியும் தன் ஆட்டங்களைத் தானே விற்கலாம் என்றானது. விற்கலாம் என்றால், அதிக விலை கிடைக்கும் கடைக்கும் மாறலாம். நாற்பது வருடம் கழித்து, அந்த ஜூலையில் வைட்டின் கொலராடோ மூட்டை கட்டியபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் "நாற்பது வருடத்துக்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது, டிவி வந்து கெடுத்தது" என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது, புலம்பல். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1950-களின் நடுவில் எங்கள் பழைய கூட்டணியில் ஊழல் வெடித்தது. சில பெரிய பல்கலைக்கழகங்களில் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் போயிருந்தது. சண்டை முற்றி 1959-இல் கூட்டணி கலைந்தது. உடனே கலிஃபோர்னியாவின் நான்கும் வாஷிங்டனும் சேர்ந்து ஐவர் கூட்டணி கண்டார்கள். வெளியே நின்றது யார்? ஓரிகன், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ, நாங்கள். ஆக 2023-இல் எங்களுக்கு நடந்தது முதல் முறை அல்ல.

அப்படி அநாதையாக நின்ற காலத்தில்தான் 1962-இல் எங்கள் குவார்ட்டர்பேக் டெரி பேக்கர், நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். மேற்குக் கரையிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள். அந்த டிசம்பரில் லிபர்ட்டி பவுல் ஆட்டத்தில் தன் எல்லையிலிருந்து 99 கெஜம் ஓடி ஸ்கோர் செய்தார். ஆட்டமே 6-0. 1964-இல் எங்களையும் ஓரிகனையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வாஷிங்டன் ஸ்டேட் அதற்கு முன்பே சேர்ந்திருந்தது.

ஐடஹோவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. 1922-இலிருந்து எங்களோடு இருந்த அணி அது. இன்றுவரை திரும்பி வரவில்லை. எங்கள் ரசிகர்கள் 2023-ஐப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஐடஹோ பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

இன்னும் பின்னால், 1941. அந்த நவம்பரில் ஓரிகனை ஜெயித்து நாங்கள் ரோஸ் பவுலுக்குத் தகுதி பெற்றோம். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக்கூடாது என்று ராணுவம் சொல்லிவிட்டது. ஆட்டத்தை வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு, எதிரணி டியூக்கின் சொந்த மைதானத்துக்கே மாற்றினார்கள். 1942 ஜனவரி 1 அன்று மழையில் 20-16 என்று ஜெயித்தோம். எங்களுடைய ஒரே ரோஸ் பவுல் வெற்றி. ஊரே பெருமைப்படும் கதை.

அந்த அணியில் ஜாக் யோஷிஹாரா என்று ஒரு பையன் இருந்தான், ஜப்பானிய வம்சாவளி. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் வந்து அவன் பயணம் செய்யக் கூடாது என்றார்கள். அணி ரயிலேறிப் போனது, அவன் போகவில்லை. அடுத்த சில மாதங்களில் அவன் குடும்பம் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டது. 2008-இல், போரால் படிப்பு பறிபோன ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தபோது அவரும் ஒருவர். உத்தரவு போட்டது அரசாங்கம், அணி அல்ல. வாஸ்தவம்தான். ஆனாலும் "நம்மை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று நான் குமுறும்போதெல்லாம், கிளம்பிப்போன அந்த ரயில் எங்களுடையது என்பது உறுத்துகிறது.

சரி, 2023-க்கு வருவோம். போகும் பத்து பேரும் கூட்டணி நிர்வாகத்தில் ஓட்டுரிமை மட்டும் வேண்டும் என்றார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டால் கூட்டணியைக் கலைத்துப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம். நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் கோர்ட்டுக்குப் போனோம். நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிபதி எங்கள் பக்கம் உத்தரவிட்டார். டிசம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்த வருடம் நாங்கள் கண்ட பெரிய வெற்றி ஒரு கோர்ட் அறையில்தான்.

அதற்குள் இன்னொரு இடி. நவம்பர் 24 அன்று ஓரிகனிடம் 31-7 என்று தோற்றோம். மறுநாள் கோச் ஜொனதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பழைய குவார்ட்டர்பேக். 2001 புத்தாண்டு தினத்தில் நோட்ர டேமை 41-9 என்று வீழ்த்திய அணியை நடத்தியவர். அவர் பின்னாலேயே இளம் குவார்ட்டர்பேக் ஏடன் சைல்ஸ் போனார். டேமியன் மார்ட்டினெஸ் மயாமிக்குப் போனார். அந்த டிசம்பர் கடைசியில் அதே நோட்ர டேம் எங்களை 40-8 என்று அடித்தது.

இங்கே என் கருத்து பல பீவர் ரசிகர்களுக்குப் பிடிக்காது. எனக்கு ஆட்டக்காரர்கள் மேல் கோபம் இல்லை. 2021 வரை இந்த மட்டத்தில் ஒரு ஃபுட்பால் மாணவன் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சோ ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பலாம். கோடிகள் புரளும் ஆட்டத்தில் அடிவாங்குகிற பையனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும். 2021 ஜூலையில்தான் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவனுக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையில்தான் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் மாதிரி கொடுக்கத் தொடங்கியது. இருபது வயதில், முழங்கால் நன்றாக இருக்கும் வரைதான் பிழைப்பு என்று தெரிந்தவன் நல்ல இடம் தேடிப் போவதும், நூற்றாண்டு கண்ட பல்கலைக்கழகம் பக்கத்து வீட்டுக்காரனை விட்டுப் போவதும் ஒன்றல்ல. அவன் போனால் அது அவன் வாழ்க்கை. பல்கலைக்கழகம் போனால் 108 வருட உறவு போகிறது.

இதைச் சொல்லி முடித்து நிம்மதியாக இருந்தேன், 2024 செப்டம்பர் வரை.

நாங்கள் அநாதையானபோது கைகொடுத்தது மௌண்டன் வெஸ்ட் என்ற இன்னொரு கூட்டணி. 2024-இல் நாங்கள் ஆடிய 12 ஆட்டங்களில் 7 அவர்களோடு. அவர்கள் இல்லையென்றால் ஆட ஆளில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: எங்கள் அணிகளை இழுத்தால் அபராதம். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். செப்டம்பர் 12 அன்று, சீசன் நடக்கும்போதே, அவர்களிடமிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நான்கையும் இழுத்தோம். பதினொரு நாளில் யூட்டா ஸ்டேட்டையும். மறுநாள், அந்த அபராத ஷரத்து செல்லாது என்று எங்கள் பாக்-12 வழக்குப் போட்டது.

செய்தி வந்த அன்று நான் குதித்தேன், பொய் சொல்ல மாட்டேன். "நாம பொழச்சுக்கிட்டோம்" என்று நண்பனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவன் நெவாடா பல்கலைக்கழகத்தில் படித்தவன். மௌண்டன் வெஸ்ட்டில் விடப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. அவன் பதில் இவ்வளவுதான்: "ஆமா. போன வருஷம் யூஜீன்லயும் இதையேதான் சொல்லியிருப்பாங்க."

வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்கலாம். மௌண்டன் வெஸ்ட்டில் நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்திருக்கலாம். எல்லோரும் ஒன்றாக இருந்திருப்பார்கள். டிவி பணம் குறைந்திருக்கும், பாக் என்ற பெயர் போயிருக்கும். அந்தப் பெயரையும் பணத்தையும் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். ஓரிகன் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான், தொகைதான் வேறு.

இதனால் நான் அணியை விட்டுவிடப் போவதில்லை. 2025-இல் முதல் ஏழு ஆட்டமும் தோற்று, அக்டோபரில் கோச்சை அனுப்பினோம். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதிய பாக்-12 கூட்டணிக்கு 2026 ஜூலை 1 என்று நாள் குறித்தார்கள். அதுவும் மைதானம் காலியாகக் கிடக்கும் ஒரு மாதம். பாய்சி ஸ்டேட் வரும்போது எழுந்து நின்று கத்துவேன். ஆனால் ஓரிகனைத் துரோகி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். பெரியவருக்கு அது பிடிக்காது. 28 வருடம் தோற்ற மனிதரிடம் இதைப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.