அடைய அடைய வளர்ந்த பாலக் கடன்

டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்கு மேலாக இணைக்கும் டிஎன்டி பாலச்சாலையைக் கட்டச் சுமார் 408 கோடி ரூபாய் ஆனது. 2001இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. 15 ஆண்டுகள் சுங்கம் வசூலித்த பிறகும் போட்ட முதல் திரும்பவில்லை என்றது நடத்திய நிறுவனம். வசூலான தொகை எங்கே போனது என்று தேடித்தான் காகிதங்களுக்குள் இறங்கினேன்.

சுங்கச்சாவடி என்றதும் வசூலைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கப் பிளாக்செயின் வேண்டும் என்பவர்களின் வாதமும் இங்கேதான் தொடங்குகிறது: ஒவ்வொரு வண்டியின் கட்டணமும் யாராலும் அழிக்க முடியாத பதிவேட்டில் ஏறினால் மறைக்க வழியிருக்காது.

பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்பதால் ஆண்டறிக்கைகள் கிடைத்தன. வரவு செலவுப் பக்கங்கள் என் கேள்விக்கு விடை தரவில்லை. கடைசியில் பொடி எழுத்தில் வரும் கணக்குக் குறிப்புகள் தந்தன. நிறுவனத்துக்கு இன்னும் வரவேண்டியது இவ்வளவு என்று ஒரு தொகை அங்கே இருந்தது. சுங்கம் வரவர அது குறைய வேண்டும், ஆனால் ஏறிக்கொண்டே போனது. அப்படி ஏற ஒரு சூத்திரம் வேண்டும். அதைத் தேடி 1997 நவம்பர் 12இல் கையெழுத்தான சலுகை ஒப்பந்தத்துக்குப் போனேன்.

அதன் 14ஆம் பிரிவில் இருந்தது விடை. திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயம் நிறுவனத்துக்கு உறுதி. ஓர் ஆண்டு அது முழுதாகக் கிடைக்காவிட்டால், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேரும். மறு ஆண்டு அந்தப் பெருத்த செலவின் மீது மீண்டும் 20 விழுக்காடு. வட்டிக்கு வட்டி! 30 ஆண்டுகளில் முழுத் தொகையும் அடையாவிட்டால், சுங்கம் வசூலிக்கும் உரிமைக் காலம் இரண்டிரண்டு ஆண்டுகளாக நீளும். எதுவுமே திரும்பாமல் நின்றால் 100 ரூபாய் பத்தாம் ஆண்டில் 619 ரூபாய் ஆகிவிடும். இதற்காக யாரும் எந்த ஏட்டையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. முறையாகக் கையெழுத்தான தாளிலேயே அந்தக் கடன் பிறந்திருக்கிறது.

நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபர் 26இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்கத்தை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் (சிஏஜி) ஆராயக் கொடுத்து, 2024 டிசம்பர் 20இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. போட்டி ஏலம் இல்லாமல் நிறுவனத்தைத் தேர்ந்ததையும் அது கண்டித்தது.

கடன் ஒப்பந்தத்திலேயே பிறந்ததால், பிளாக்செயினைச் சாவடியில் மட்டும் வைத்தால் போதாது. கையெழுத்தான அன்றே ஒப்பந்தத்தின் ஹாஷ், அதாவது ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்கோவை, பதிவாக வேண்டும். ஆதாயச் சூத்திரம் நிரலாக ஏற வேண்டும். ஆண்டுதோறும் வரவையும் செலவையும் அரசுத் தரப்பான நொய்டா ஆணையம், நிறுவனம், சுயேச்சைத் தணிக்கையாளர் மூவரும் தனித்தனியே மின்கையொப்பமிட்டுச் சேர்க்க, மிச்சக் கடன் எவ்வளவு என்பது தானாகப் பொதுவெளியில் தெரிய வேண்டும். சிஏஜியிடமும் ஒரு முழுப்படி இருக்க வேண்டும். பங்காளிகள் மட்டுமே நடத்தும் பிளாக்செயின் தொடரை அவர்கள் கூடிப்பேசி மாற்றி எழுதிவிட முடியும். இவ்வளவும் இருந்திருந்தால், சுங்கம் வந்தும் கடன் ஏறுவதை முதல் சில ஆண்டுகளிலேயே நொய்டாவாசிகள் பார்த்திருப்பார்கள்.

பராமரிப்புச் செலவைப் பெருக்கி எழுதினால், அந்தப் பொய்யையும் தொடர் அப்படியே காக்கும். பில்லைக் கையிலெடுத்துப் பார்க்கும் தணிக்கையாளருக்கு அது மாற்றாகாது. அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. கூட்டுத் திட்ட ஒப்பந்தங்களைக் கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவைக் காட்டி, வணிக இரகசியம் என்று மறுக்க இடமிருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொதுமக்களிடம் கட்டணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும் ஆதாயச் சூத்திரத்தை வணிக இரகசியமாகக் கருதக்கூடாது என்று அரசு முதலில் ஆணையிட வேண்டும்.