ஒரு வெண்கலச் சிலையும் அதன் உடன்பிறப்புகளும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹைதராபாத்தில் நாம் முதலில் கூட்டிக்கொண்டு போவது சார்மினார். அடுத்தது சாலார் ஜங் மியூசியம். அங்கேயும் மணியடிக்கும் கடிகாரத்தையும், 1876-ல் முதலாம் சாலார் ஜங் ரோம் நகரில் வாங்கிய முக்காடிட்ட ரெபெக்காவையும் பார்த்துவிட்டு பிரியாணிக்குக் கிளம்பிவிடுவோம். ஐரோப்பிய வெண்கலச் சிலைகள் பக்கம் நிற்பவர் குறைவு. ஒருமுறை என் மகள் நின்றாள். "இதுல நிறைய காப்பியாமே அப்பா, அப்போ டூப்ளிகேட்டா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பான பதில்.

நமக்குச் சிலை என்றால் சோழர் காலத்து வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சு, ஒரு சாமி. சுவாமிமலையில் இன்றும் இதே முறைதான்.

19-ஆம் நூற்றாண்டு பிரான்சின் கதை வேறு. ஒரு சிலையைச் சிறிதாக்கிப் பிரதி எடுக்கும் இயந்திரத்தை அஷீல் கோலாஸ் என்பவர் உருவாக்கினார். 1838-ல் பார்பெதியென் என்ற வியாபாரி அவரோடு கூட்டுச் சேர்ந்து பாரிஸில் வார்ப்பகம் தொடங்கினார். மணல் அச்சில் கை, கால், உடல் எனத் தனித்தனியே வார்த்து, பொருத்தி, உளியால் செதுக்கிச் சீராக்குவார்கள். 1820-ல் கண்டெடுக்கப்பட்ட மிலோ தீவு வீனஸ் பல அளவுகளில் விற்பனைக்கு வந்தாள். அளவுக்குத் தக்க விலை! நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைக்கும் கிரேக்க தேவதைகள் வந்தது இப்படித்தான். ஒளித்து விற்றதல்ல, வார்ப்பகத்தின் பெயரைப் பொறித்தே விற்றார்கள். அதனால் பழைய பிரெஞ்சு வெண்கலத்தில் முதலில் தேட வேண்டியது பீடத்து ஓரத்து முத்திரையை. யார், எப்போது வார்த்தது என்பதில்தான் மதிப்பு. பிற்காலத்தில் முத்திரையையும் சேர்த்து வார்த்த போலிகள் உண்டு. டூப்ளிகேட் என்ற சொல் அவற்றுக்கே பொருந்தும்.

இன்னொரு சேதி. தன் சிலைகளையே பல பிரதிகளாக வார்த்து விற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடின், நம் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். அவர் 1917-ல் மறைந்தபின், 1921-ல் அது அச்சானது. அவர் சென்னைக்கு வந்ததே இல்லை, பார்த்தது புகைப்படங்களை.

இதையும் மகளிடம் சொன்னேன். "அப்போ அவர் பாத்ததும் காப்பிதானேப்பா?" என்றாள்.

அதே மியூசியத்தில் தென்னிந்திய வெண்கலங்களும் இருக்கின்றன. அடுத்த தடவை அங்கிருந்து ஆரம்பிப்பதாக இருக்கிறோம். கடிகாரம் பிறகு.