மிதக்கும் கசடும் பாப்பனங்கோட்டு விடையும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாற்றை மான்செஸ்டரில் தொடங்கி நெதர்லாந்தில் முடிப்பது நம் வகுப்பறைகளின் வழக்கம். அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவிலிருந்து கரமனை வழியாகச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்பனங்கோட்டில் எழுதப்பட்டது. பாலின் கொழுப்பு எழுப்பிய சிக்கலே அதற்குக் காரணம்.

நுண்ணுயிர்கள் கழிவை உண்டு நீரைத் தெளிவிக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. நீரை வெளியேற்றிவிட்டு நுண்ணுயிர்களை மட்டும் எவ்வாறு உள்ளே நிறுத்துவது என்பதே எஞ்சிய கேள்வி. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் இருவரும் முதல் விடையைத் தந்தனர். காற்றூட்டிய சாக்கடை நீர் முழுமையாகத் தெளிய முதலில் ஏறத்தாழ 5 வாரங்கள் ஆயின. அடியில் படிந்த கசட்டைக் கொட்டிவிடாமல் அதன்மீதே புதிய கழிவுநீரை மீண்டும் மீண்டும் ஊற்றியபோது, அது ஒரு நாளளவுக்குக் குறைந்தது. இவ்வாய்வைத் தூண்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். எனவே இந்தியா இந்த வரலாற்றுக்குப் பிந்தி வந்த நாடன்று.

ஆயினும் காற்றூட்டலுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். 1970களில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் லெட்டிங்கா குழுவினர் காற்றில்லா முறையில் இரண்டாம் விடையைக் கண்டனர். கழிவுநீர் கீழிருந்து மேலே பாயும். நுண்ணுயிர்கள் மணிமணியாகத் திரண்டு, தம் எடையாலேயே அடியில் தங்கும். மின்செலவு குறைவதுடன் மீத்தேனும் கிடைக்கும். சர்க்கரை ஆலைக் கழிவுக்கு இது நன்கு பொருந்தியது.

அதே காலத்தில் இங்கே வெண்மைப் புரட்சி நடந்தது. 1970இல் அத்திட்டம் தொடங்கியது. 1980இல் கேரளத்தில் மில்மா உருவாயிற்று. வீடுதோறும் பாத்திரம் கழுவிய நீராகச் சிதறிப் போனது, பெரிய பாற்பண்ணைகளில் ஒரே வாய்க்காலில் திரண்டது. ஒரு லிட்டர் பால் சாக்கடையில் கலந்தால், அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஆக்சிஜன் தேவை. இரண்டு மனிதரின் ஒரு நாள் கழிவுக்கு அது நிகர்.

இங்கேதான் லெட்டிங்காவின் விடை தடுமாறியது. பாற்கொழுப்பு சிதைந்து உண்டாகும் நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நுண்ணுயிர்த் திரள்களில் ஒட்டிக்கொண்டு மீத்தேன் ஆக்கத்தைத் தடுக்கின்றன. திரள்களும் எடை இழந்து மிதந்து, நீரோடு வெளியேறிவிடுகின்றன. எடையை நம்பிய முறைக்கு எடையே இல்லாமற்போயிற்று.

பாப்பனங்கோட்டில் அன்று வட்டார ஆராய்ச்சிக்கூடம் என வழங்கிய, 2007இல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்பக் கழகமாகப் பெயர் மாறிய நிறுவனத்தில் அஜித் ஹரிதாஸ் குழுவினர் இதைத் தலைகீழாக அணுகினர். கசடு மிதக்குமாயின் வடிகட்டியும் மிதக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. கலனின் மேற்பகுதியில் மிதக்கும் பாலிஸ்டைரீன் மணிப்படுகை நீரை மட்டும் விட்டுக் கசட்டையும் கொழுப்பையும் தடுக்கும். படுகை அடைபடாமலிருக்க, கலனில் உண்டாகும் உயிர்வாயு வெளியேறும் விசையே அதைக் கீழ்நோக்கிக் கலைத்துக் கழுவும்; பிடிபட்டவை மீண்டும் நுண்ணுயிர்களிடமே சேரும். பாற்பண்ணைக் கழிவுநீரைக் கொண்டு செய்த இவ்வாய்வு 2005இல் ‘வாட்டர் ரிசர்ச்’ இதழில் வெளிவந்தது.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. காற்றில்லாக் கலனிலிருந்து வரும் நீருக்குப் பெரும்பாலும் இறுதிக்கட்டக் காற்றூட்டல் தேவைப்படுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் எஞ்சியிருக்கின்றன. எனினும் 1914இன் கேள்விக்கு நம் ஊரின் கழிவிலிருந்தே ஒரு விடை எழுந்தது. சுற்றுச்சூழல் பொறியியல் பயிலும் மாணவர்கள் மான்செஸ்டருக்கும் வாகனிங்கனுக்கும் அடுத்து இப்பெயரையும் படிக்க வேண்டும். தங்கள் ஊர் வாய்க்காலில் ஓடுவது ஆய்வுக்குரிய கேள்வி என்பதை அது அவர்களுக்கு உணர்த்தும்.