முன்னவர் விட்ட பணி

மாணவர்களே! ஓர் அலுவலகத்திலோ பள்ளியிலோ ஆலையிலோ உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரைத் தலைவர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். நாற்காலியும் சம்பளமும் அதிகாரத்தைத் தரும், தலைமையைத் தருமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் போர்க்களங்களையும் பேரரசுகளையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் படை நடத்தப் போவதில்லை. ஏதேனும் ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரோடு வேலை செய்யப் போகிறோம். ஆதலால் இன்று உங்களை ஓர் அலுவலகத்துக்கே அழைத்துச் செல்கிறேன்.

கோடைக்கானலுக்குச் செல்பவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், தூண்பாறையைப் பார்க்கிறார்கள், மலைப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஏரிக்கு மேற்கே, கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் குன்றொன்றின் மீது ஒரு வான ஆராய்ச்சி நிலையம் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பார்ப்பதே அதன் தொழில். முகில் மறைக்காத நாளெல்லாம் காலையில் சூரியனைப் படம்பிடித்து வைப்பது அங்கே வழக்கம். அந்த நிலையத்தின் கதை ஒருவருடைய வெற்றிக் கதையன்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொட்ட கதை அது.

கதை தொடங்குவது மலையிலன்று, சென்னையில். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் ஒரு வான ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தனர். அதில் 1861 முதல் முப்பது ஆண்டுகள் அரசாங்க வானியலாராக இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். அவருக்கு முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்னும் நம் நாட்டு அறிஞர். ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867-இல் ரகுநாதாச்சாரி கண்டார். அக்கண்டுபிடிப்பு ஆச்சாரியின் பெயராலேயே உலகுக்குத் தெரிய வந்தது. உதவியாளர் உழைப்பைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வது எளிதாக இருந்த அந்தக் காலத்தில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

போக்சன் அயராத உழைப்பாளி. ஆனால் ஒரு குறையும் உண்டு. 1862 முதல் 1887 வரை இரவு இரவாக அளந்து குறித்த விண்மீன்களின் கணக்குகள் பெரும்பாலும் ஏடுகளிலேயே தேங்கிக் கிடந்தன. கணக்கிட்டுச் சரிபார்த்து அச்சேற்றி முடிக்கும் முன் 1891-இல் அவர் காலமானார்.

அவ்விடத்துக்கு வந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்தவர். பஞ்ச காலத்துக்குப் பின் அரசாங்கத்துக்கு ஒரு புதிய எண்ணம் பிறந்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அக்காலத்து அறிஞர்கள் ஐயுற்றனர். சூரியனைத் தொடர்ந்து நோக்க ஒரு மலை நிலையம் வேண்டும் என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. மழை பற்றிய அந்த நம்பிக்கை எதிர்பார்த்தபடி கைகூடவில்லை என்பது வேறு செய்தி. நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றி ஆராய்ந்து, கோடைக்கானலே தக்க இடமென்று கண்டவர் மிச்சி ஸ்மித். 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் சென்னை நிலையத்தின் பணி மலைக்கு மாறியது. மோட்டார் வண்டி ஏறும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. அதற்கு முன் மலையேறியவை எல்லாம் மனிதர் தோளிலும் விலங்குகளின் முதுகிலும் ஏறியவையே.

புதிய கட்டடம், புதிய கருவி, புதிய ஆராய்ச்சி. ஒரு தலைவருக்கு இதைவிட மயக்கம் தரும் வாய்ப்பு வேறென்ன வேண்டும்? ஆயினும் அதே ஆண்டுகளில் மிச்சி ஸ்மித் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தார். போக்சன் விட்டுச் சென்ற கணக்குகளைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு முடித்தார். 5,303 விண்மீன்களின் அட்டவணை அவ்வாறு வெளிவந்தது. அத்தொகுதிகளின் முகப்பில், போக்சன் தலைமையில் செய்யப்பட்ட நோக்குகள் என்றே அச்சாயிற்று. புகழ் தராத வேலை அது. செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் முதன்முதலாகத் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளியின் முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. எனக்கு முன் இருந்தவர் வைத்தது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு இரண்டு மாணவர்கள் அளவு பார்த்து ஒரு தடித்த பேரேட்டில் எழுதுவார்கள். ஒன்பது ஆண்டுகளின் மழை அந்தப் பேரேட்டில் இருந்தது. தேர்வில் தேர்ச்சி விகிதத்தை உயர்த்துவது ஒன்றே என் கண்ணில் நின்ற காலம் அது. வகுப்பு நேரம் வீணாகிறது என்று அந்த வழக்கத்தை நிறுத்தினேன். என் முத்திரை பள்ளியில் விழ வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரி மாணவர் ஒருவர், அப்பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆராய்கிறேன், உங்கள் பள்ளியில் மழைக் கணக்கு உண்டாமே என்று கேட்டு வந்தார். பேரேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பதிவு நான் பொறுப்பேற்ற மாதத்தோடு நின்றிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிறகு இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டுகளின் மழையை இனி யாரால் அளக்க முடியும்?

கோடைக்கானலுக்குத் திரும்புவோம். 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிச்சி ஸ்மித்துக்குத் துணையாக ஜான் எவர்ஷெட் என்பவர் வந்து சேர்ந்தார். லண்டனில் இரசாயனத் தொழில் சார்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தம் வீட்டில் சொந்தமாகக் கருவிகள் அமைத்துச் சூரியனை ஆராய்ந்தவர் அவர். 1898-இல் சூரிய கிரகணத்தைக் காண ஏற்கெனவே ஒருமுறை இந்தியா வந்தவர். சூரிய ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் படம்பிடிக்கும் அரிய கருவியொன்று 1904-இல் நிலையத்துக்கு வந்திருந்தது. அதைச் செம்மையாக இயங்கச் செய்தது எவர்ஷெட் மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்று. சூரிய ஆராய்ச்சியில் தலைவரைவிடத் துணைவர் வல்லவர் என்பது விரைவில் வெளிப்படையாயிற்று.

மாணவர்களே, அலுவலகத் தலைவர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. தம்மினும் வல்லவர் தமக்குக் கீழே வந்து அமரும்போது அவரை அற்ப வேலைகளில் அமிழ்த்தி வைக்கலாம். அறிக்கைகளில் அவர் பெயரை மறைக்கலாம். இவை எவ்வளவு நாகரிகமாகச் செய்யப்படுகின்றன என்பது உத்தியோகம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். கோடைக்கானலில் நடந்தது என்ன? 1909 ஜனவரி 5-ஆம் நாள், சூரியன் முகத்தில் இரண்டு பெரிய புள்ளிகள் தோன்றியிருந்தன. எவர்ஷெட் அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுத்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவில் ஹேல் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதைக் கண்டிருந்தார். புள்ளியைச் சுற்றி வாயு சுழலும் என்று பலரும் எண்ணினர். எவர்ஷெட்டும் சுழற்சியையே எதிர்பார்த்தார். படத்தில் கண்டது அதுவன்று. புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் வெளிநோக்கி, சூரியப் பரப்பை ஒட்டியவாறு வாயு பாய்ந்துகொண்டிருந்தது. தாம் எதிர்பார்த்ததை விட்டுவிட்டுக் கண்டதையே எழுதினார். உலக விஞ்ஞான நூல்களில் அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது. நிலையத்தின் வெளியீட்டில் அக்கட்டுரை எவர்ஷெட் ஒருவர் பெயரிலேயே வந்தது. இயக்குநர் தம் பெயரை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை.

மிச்சி ஸ்மித் 1911-இல் ஓய்வு பெற்றார், எவர்ஷெட் இயக்குநரானார். ஓய்வு பெற்றவர் தாயகம் திரும்பவில்லை. கோடைக்கானலிலேயே வாழ்ந்து 1922-இல் அங்கேயே காலமானார். எவர்ஷெட் ஆட்சியிலும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அவருடைய மனைவி மேரி எவர்ஷெட், நிலையத்தில் உத்தியோகப் பதவி ஏதும் இல்லாதவர். ஆயினும் நல்ல வானியல் அறிஞர். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றி 1917-இல் நிலையம் வெளியிட்ட பெரிய ஆய்வில் கணவன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்தே அச்சாயின.

எல்லாம் நன்றாகவே இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாள்தோறும் கண்ணாடித் தகடு மாற்றியும், மருந்தில் கழுவியும், எண்ணிட்டு அடுக்கியும் வந்த உதவியாளர்கள் நம்மவர்கள். அவர்களின் பெயர்கள் ஆண்டறிக்கையின் ஓர் ஓரத்தில் நின்றுவிட்டன. 1899 முதல் 1937-இல் ஏ. எல். நாராயண் பொறுப்பேற்கும் வரை இயக்குநர் நாற்காலியில் இந்தியர் எவரும் அமரவில்லை. ரகுநாதாச்சாரியைப் போன்றவர்களைப் பெற்றிருந்த நாட்டில் அத்தனை காலம் ஆயிற்று! திறமைக்கு வழிவிடுவது என்னும் நல்ல பண்பு, ஆட்சியாளரின் எல்லைக் கோட்டருகே வந்து நின்றுவிட்டது.

எனினும் அவ்வலுவலகத்தின் தொழிலே ஒரு பாடத்தைக் கட்டாயமாகக் கற்பித்தது. சூரியப் புள்ளிகள் பெருகிச் சுருங்க ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. எவர்ஷெட் கோடைக்கானலில் இருந்தது பதினாறு ஆண்டுகள். ஒன்றரைச் சுற்றைத்தான் அவர் அங்கே கண்டிருப்பார். எந்த இயக்குநரும் தம் பதவிக் காலத்துக்குள் சூரியனின் போக்கை முழுவதும் கண்டுவிட முடியாது. முன்னவர் எடுத்த படமும், தாம் எடுக்கும் படமும், பின்னவர் எடுக்கப்போகும் படமும் ஒரே அளவில், ஒரே முறையில் இருந்தாலன்றி அவற்றுக்குப் பயனில்லை. ராய்ட்ஸ் வந்தார், நாராயண் வந்தார், அனில் குமார் தாஸ் வந்தார். காலைப் படம் நிற்கவில்லை. உலகப் போர்கள் இரண்டும் வந்து போயின, அப்போதும் நிற்கவில்லை. அத்தகடுகள் அண்மைக் காலத்தில் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டு, எடுத்தவர்கள் கனவிலும் எண்ணாத கேள்விகளுக்குப் பயன்படுகின்றன.

தாஸ் காலத்தில் ஒரு பெரிய சூரியத் தொலைநோக்கி தருவிக்கப்பட்டது. அது முழுப் பயனுக்கு வந்தது அடுத்தவர் காலத்தில். அந்த அடுத்தவர்தான் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவரின் மகன். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டவர். விண்மீன்களின் ஒளியைப் பற்றி வில்சன் என்பவரோடு சேர்ந்து 1957-இல் வெளியிட்ட ஆய்வால் உலகப் புகழ் பெற்றவர். 1960-இல் கோடைக்கானலுக்கு இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்றுகூட நிரம்பியிருக்குமோ என்னமோ!

பாப்பு விண்மீன் ஆராய்ச்சியாளர். கோடைக்கானலின் காலைகள் சூரியனுக்கு ஏற்றவை. அதன் இரவுகளோ பெரும்பாலும் முகிலுக்கும் பனிமூட்டத்துக்கும் உரியவை. தாம் வீற்றிருக்கும் இடம் தம் பணிக்குப் போதாது என்று அறிந்த தலைவர், அவ்விடத்தையே பெருமைப்படுத்திப் பேசிக் காலம் கழிக்கலாம். பாப்பு தக்க இடம் தேடினார். வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூர் என்னும் சிற்றூர் கிடைத்தது. அங்கே 1968-இல் நிறுவிய முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் அளவுடையது. கோடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1971-இல் இந்திய வான் இயற்பியல் கழகம் தன்னாட்சி பெற்றது. பின்னர் அதன் தலைமையிடம் பெங்களூராயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் மலைமேல் காலைப் படம் எடுக்கும் பணியை அவர் தளரவிடவில்லை. தமக்கு விருப்பமான ஆராய்ச்சி வேறாக இருந்தும், எவர்ஷெட் காலத்து வழக்கத்தைக் காத்தார். மழைமானியை நிறுத்திய எனக்கு அதன் அருமை தெரியும்.

பாப்புவின் பெரிய கனவு 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி. வெளிநாட்டில் வாங்குவதே எளிய வழி. அவர் இந்நாட்டிலேயே செய்ய முடிவு செய்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகிட்டது பெங்களூரில் ஏ. பி. ஜெயராஜனின் குழு, உலோகப் பகுதிகள் மகாராஷ்டிரத்து வால்சந்த் நகரில் உருவாயின. வேலை மெல்லவே நடந்தது. செய்யத் தெரிந்த கைகளை முதலில் உண்டாக்கிக்கொண்டு பிறகு கருவியைச் செய்வதென்றால் விரைவு ஏது? 1979-இல் பாப்பு உலக வானியலாளர் சங்கத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. தொலைநோக்கி முடிந்திருக்கவில்லை.

அவருக்குப் பின் கழகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஜே. சி. பட்டாச்சாரியா. எஞ்சிய வேலை அவர் காலத்தில் நடந்து முடிந்தது. 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அத்தொலைநோக்கியை நாட்டுக்கு அளித்தார். அன்று அதற்கு இடப்பட்ட பெயர் வைணு பாப்பு தொலைநோக்கி.