சோம்பல் அல்ல, சோகை

தமிழில் மிகச் சுலபமாக வாயில் வரும் வசவுகளில் ஒன்று 'சோம்பேறி'. செலவில்லாத வசவு அது. சொல்கிறவர் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. கேட்கிறவருக்கு மறுத்துப் பேசத் தெம்பு இராது. தெம்பில்லாததுதானே அங்கே குற்றமே!

இந்த வசவை நான் ஒரு தடவை அச்சில் ஏற்றியிருக்கிறேன். 1974-ல் என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. ஹாஸ்யக் கதை. கதாநாயகி ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள். நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். அம்மியில் மிளகாயை வைத்துக்கொண்டு அப்படியே கண் அயர்ந்துவிடுவாள். போதாக்குறைக்கு, யாரும் பார்க்காத சமயம் டப்பாவிலிருந்து பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். வீட்டார் எலி என்று நினைத்துப் பொறி வைக்க, அகப்படுகிறவள் மருமகள். அதோடு கதை முடியும். வாசகர்கள் சிரித்தார்கள். பத்திரிகைக்குப் பாராட்டிக் கடிதங்கள் கூட வந்தன.

அந்தக் கதாநாயகியை நான் கற்பனை செய்யவில்லை. கும்பகோணத்தில் ஒரே வீட்டில் எங்களோடு இருந்த என் பெரியம்மாதான் அவள். ஆறு பிள்ளை பெற்றவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சோற்றையும் வண்டல் ரசத்தையும் போட்டுக்கொள்கிறவள்.

மறு வருஷம் பெரியம்மா கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் நான். அங்கிருந்த லேடி டாக்டர் அவளுடைய கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் கடுதாசி மாதிரி வெளுத்திருந்தது. நகங்கள் நடுவே குழிந்திருந்தன. பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"பச்சரிசி, சாம்பல், மண், இப்படி ஏதாவது தின்ன வேண்டும் போல இருக்கிறதா, அம்மா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 5 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. "இவ்வளவு ரத்தத்தை வைத்துக்கொண்டு நானாக இருந்தால் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டேன். வீட்டில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் இவர்கள்?" என்றார் டாக்டர்.

"பதினொரு பேர்" என்றேன். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அன்று முதல் இந்தச் சோர்வின் சரித்திரத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பிராயச்சித்தம் ஆகிவிட்டது. படிக்கப் படிக்க ஓர் உண்மை தெரிந்தது. என்னைப் போன்ற புத்திசாலிகள் எல்லா தேசங்களிலும், எல்லாக் காலங்களிலும் இருந்திருக்கிறார்கள்!

1554-ல் ஜெர்மனியில் யோஹான்னஸ் லாங்கே என்ற வைத்தியர், வெளுத்துச் சோர்ந்து போய் மூச்சு வாங்கும் இளம் பெண்களின் வியாதியைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அதற்குக் 'கன்னிகளின் நோய்' என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன சிகிச்சை என்ன தெரியுமா? சீக்கிரம் கல்யாணம் செய்து வைப்பது! நம் ஊர்ப் பாட்டிமார்கள் சொல்வதற்கும் இதற்கும் ஒரு நூலிழை வித்தியாசம் கூட இல்லை. அதற்கு நூறு வருஷத்துக்கும் பிற்பாடு இங்கிலாந்தில் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊற வைத்துக் கொடுத்தார். பெண்களின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. 1832-ல் பிரான்சில் பிளோ என்ற டாக்டர் இரும்பு உப்பை மாத்திரையாக உருட்டினார். இன்று மருந்துக் கடைகளில் விற்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கு அதுவே பாட்டன்.

இரும்பு குறைவது சாப்பாட்டினால் மட்டும் அல்ல. யாராவது திருடிக்கொண்டு போனாலும் குறையும். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்டு ரயில் சுரங்கம் போட்டபோது, தொழிலாளிகள் வெளிறி, கால் தள்ளாடி, கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். 1880-ல் டூரின் நகரத்துப் பேராசிரியர் பெரோன்சிட்டோ அவர்கள் குடலில் இருந்த திருடனைக் காட்டிக் கொடுத்தார். அதுதான் கொக்கிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற பிராணி. ஒரு புழு குடிப்பது துளியிலும் துளி. ஆனால் ஒரே வயிற்றில் நூற்றுக்கணக்கில் இருந்தால்?

அமெரிக்காவின் தென் மாகாணங்களிலே ஏழை வெள்ளைக்காரக் குடியானவர்களைப் பற்றி, 'பிறவிச் சோம்பேறிகள்' என்று ஊரெல்லாம் பேச்சு. 1902-ல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி அதற்குக் காரணம் கொக்கிப் புழு என்று சொன்னார். உடனே பத்திரிகைகள் 'சோம்பேறிக் கிருமி' என்று தலைப்புப் போட்டுச் சிரித்தன. பத்திரிகைக்காரர்களுக்குச் சிரிப்பு என்றால் கேட்க வேண்டுமா? நானே அந்த ஜாதிதானே! சிரிக்காத ஒருவர் கோடீஸ்வரர் ராக்பெல்லர். 1909-ல் பத்து லட்சம் டாலர் கொடுத்துப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கி வைத்தார். பிறகு அவருடைய ஸ்தாபனத்தின் டாக்டர்கள் 1916-ல் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். தேயிலைக் கூடையைச் சுமந்து வெறுங்காலோடு மலை ஏறிய நம் தமிழ் ஜனங்களின் குடலிலும் அதே புழு இருந்தது. கங்காணியின் வாயில் அந்த ஜனங்களுக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இனி, இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ஒருவிதக் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இரும்பு கொடுத்தும் பயன் இல்லை. அதை ஆராய்வதற்காக, மார்கரெட் பால்ஃபர் என்ற டாக்டரின் அழைப்பின் பேரில், 1928-ல் லண்டனிலிருந்து லூசி வில்ஸ் வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்களின் ரத்தத்தை மட்டும் அல்ல, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் கணக்கெடுத்தார். ரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. சாப்பாட்டிலோ கீரையும் பழமும் மருந்துக்குக் கூட இல்லை.

அடுத்த வருஷம் குன்னூருக்கு வந்து, அங்கிருந்த ஆராய்ச்சிசாலையில் சில மாதங்கள் வேலை செய்தார். பம்பாய் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு குரங்குகளுக்கும் கொடுத்தார். சாகக் கிடந்த ஒரு குரங்குக்கு ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தபோது அது பிழைத்து எழுந்தது. பீர் வடித்த பிறகு மிஞ்சுகிற ஈஸ்ட்டிலிருந்து தயாராகி, சீமைக் கடைகளில் 'மார்மைட்' என்ற பெயரில் ரொட்டிக்குத் தடவிக்கொள்ள விற்கிற மலிவுச் சரக்கு அது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் பிழைத்தார்கள். 1931-ல் அந்த முடிவுகள் வெளியாயின. ஈஸ்ட்டில் இருந்த பெயர் தெரியாத அந்தச் சத்தை டாக்டர்கள் 'வில்ஸ் சத்து' என்றே அழைத்தார்கள்.

அந்த 1931-ன் ஆரம்பத்தில் லூசி வில்ஸ் எங்கே வேலை செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? சென்னைத் திருவல்லிக்கேணியில்! இன்று கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி, ஜனங்கள் வாயில் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்குகிறதே, அதே இடத்தில்.

சரித்திரம் சில சமயம் கதாசிரியனை மிஞ்சிவிடுகிறது. அதே திருவல்லிக்கேணியில், ஹிந்து உயர்நிலைப் பள்ளியில், அதற்குப் பல வருஷங்களுக்கு முன் பீமாவரத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குப் பையன் படித்தான். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறியவன். எல்லாப்ரகத சுப்பாராவ் என்று பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திக்கொண்டு போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். 1922-ல் அமெரிக்காவுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடியது அதைத்தான். 1945-ல் அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கும் வழியைக் கண்டது லெடர்லே கம்பெனியில் சுப்பாராவ் நடத்திய ஆராய்ச்சிக் குழு. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. 1948-ல் ஐம்பத்து மூன்றாவது வயதில் சுப்பாராவ் காலமானார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் கையில் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, அதில் பிளோவின் இரும்பும் இருக்கிறது, வில்ஸ் தேடி சுப்பாராவ் செய்து கொடுத்த சத்தும் இருக்கிறது.

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு சோகை ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது சில வாரங்களாகச் சோர்ந்தே இருந்தால், தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீராவிட்டால், புத்திமதி சொல்வதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அது ஏன் குறைந்தது என்று கேட்பது அதைவிட முக்கியம். மாதவிடாயில் அதிகம் போகலாம், மூலத்திலோ குடல் புண்ணிலோ கசியலாம், புழு இருக்கலாம். வயதானவர்களுக்குக் காரணமின்றி ரத்தம் குறைந்தால் குடலைப் பார்த்தே ஆக வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு காப்பி, டீ குடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாறு நல்லது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். உடம்பின் கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 வைட்டமின் குறைவது சகஜம். பாலும் தயிரும்கூடச் சிலருக்குப் போதுவதில்லை. அதைப் பாராமல் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறினாற் போலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். உடம்பு பருத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் முடி உதிர்தலும் சேர்ந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். 1891-ல் ஜார்ஜ் முர்ரே என்ற ஆங்கில டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாரத்தை ஊசி மூலம் ஏற்றி, அப்படிச் சோர்ந்து கிடந்த ஒரு பெண்ணை எழுப்பிவிட்டார். அவள் பிறகு 28 வருஷம் வாழ்ந்தாள். இன்று அதற்குத் தினம் ஒரு சிறு மாத்திரை போதும். தாகமும் சிறுநீரும் அதிகமானால் சர்க்கரை. மாலைக் காய்ச்சலும் இருமலும் மெலிவும் சேர்ந்தால் காசம். இரவெல்லாம் குறட்டையும் பகலெல்லாம் தூக்கமும் என்றால் தூக்கத்திலே மூச்சுத் தடைப்படுகிறது. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மனசுக்கு நோவு வந்திருக்கிறது. அதற்கும் வைத்தியம் உண்டு. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரியம்மா தேறிவிட்டாள். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பல மாதங்கள் மாத்திரை. பச்சரிசி ஆசை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். படி ஏறி வந்து, உட்காராமல் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தக் கதையைப் பற்றி நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அப்போதுதான்.

"நீ எழுதினதை அப்பவே படித்தேன்டா. நானும்தான் சிரித்தேன்" என்றாள்.

"கோபம் வரவில்லையா, பெரியம்மா?"

அவள் சற்று நேரம் நாழியில் மாவை அடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எதற்குக் கோபம்? நான் சோம்பேறி என்றுதானே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்."