மலைநாட்டு ஓய்விடங்களும் மறைந்து வரும் வரலாறும்

இலங்கையின் மலைநாட்டிற்கு மக்கள் பயணஞ் செய்த வழக்கம் மிகப் பழையது. சிவனொளிபாதமலையைத் தரிசிக்கும் பொருட்டு மார்கழி முதல் வைகாசி வரை அடியார் கூட்டம் மலையேறுதல் இன்றுங் கண்கூடு. ஆயின், உடல்நலமும் உல்லாசமும் நாடி மலைக்குச் சென்று தங்கும் வழக்கம் ஆங்கிலேயராட்சியோடு வந்ததாகும். அவ்வழக்கத்தின் வரலாற்றை யார் பேணுகின்றனர், எப்பகுதியைப் பேணுகின்றனர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவிலே தமக்கு ஒரு மாளிகை அமைத்தார். நோயுற்ற படைவீரர்க்கு அங்கு ஆரோக்கிய நிலையமும் ஏற்பட்டது. அம்மாளிகையே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1840களின் இறுதியில் அங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கர் ஆங்கில நாட்டு முறைப்படி பண்ணை ஒன்றை நிறுவினார். 1870களில் கிரகறி வாவி வெட்டப்பெற்றது. 1876இல் ஹில் கிளப்பும், 1889இல் கோல்ப் கழகமும் தோன்றின. 1884இல் புகையிரதம் ஹற்றனையும், அடுத்த ஆண்டு நானுஓயாவையும் எட்டியதும் கொழும்பு வாசிகளுக்கு மலைநாடு அண்மையதாயிற்று. சித்திரை மாதத்து 'சீசன்' அவ்வாறு வளர்ந்த வழக்கமே. குதிரைப் பந்தயமும், மலர்க் கண்காட்சியும், 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் பந்தயமும் அதன் அணிகலன்களாயின.

இவ்வின்ப வாழ்வைத் தாங்கிய தோள்கள் எவருடையவை? காட்டை அழித்துக் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். துரைமார் பங்களாவில் சமைத்த அப்புவும், பிள்ளை வளர்த்த ஆயாவும், பூந்தோட்டம் பேணியவனும் பெரும்பாலும் லயத்திலிருந்தே சென்றனர். ஹில் கிளப்போ வெகுகாலம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. ஒரே மலையில் ஒருவர்க்கு ஓய்வும் ஒருவர்க்கு உழைப்புமாக வாழ்வு பிரிந்து கிடந்தது.

இவ்விடத்து அமெரிக்க நாட்டு வரலாறொன்றை ஒப்பு நோக்குதல் பயன் தரும். 1877இல் சரடோகாவில் இருந்த பெரிய ஹோட்டலொன்று ஜோசப் செலிக்மன் என்னும் செல்வரை யூதர் என்ற காரணத்தால் ஏற்க மறுத்தது. பிற விடுதிகளும் யூதர்க்குக் கதவடைத்த காலத்தில், அவர்கள் நியூயோர்க்கின் அருகேயுள்ள கற்ஸ்கில் மலைப்பகுதியிலே தமக்கெனப் பண்ணை விடுதிகளையும் ஹோட்டல்களையும் எழுப்பினர். தையற்கூடத் தொழிலாளியும் கோடையிற் சில நாள் அங்குத் தங்கினான். நகைச்சுவைக் கலைஞர் பலர் அம்மேடைகளிற் பயின்றே புகழெய்தினர். பிற ஹோட்டல்களின் வாயில்கள் யூதர்க்குத் திறந்ததும், விமானப் பயணம் எளிதானதும் அவ்விடுதிகளை நலிவித்தன. கிரோசிங்கர் ஹோட்டல் 1986இலும், கொன்கோட் 1998இலும் மூடப்பட்டன. எனினும் அவர்கள் நினைவை அழியவிட்டாரல்லர். 1995இல் பில் பிறவுண் என்னும் சமூகவியலாளர் ஒரு நிறுவனத்தை அமைத்து, விடுதிகளின் உணவுப் பட்டியல், படம், கடிதம், பணியாளர் நினைவு ஆகியவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். முதலாளியின் கதையோடு பரிமாறுபவனின் கதையும் அங்கே ஏட்டில் ஏறிற்று.

இனி நம் நிலையை நோக்குவோம். ஹந்தானையில் 2001 முதல் தேயிலை நூதனசாலை ஒன்று உண்டு. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி தேவாலயம் இன்றும் கம்பீரமாய் நிற்கின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாயின. வெளிநாட்டார் வந்து துரைமார் காலத்து வாழ்வைச் சுவைத்துச் செல்கின்றனர். கட்டடங்கள் காக்கப்படுதல் நன்றே. ஆயின் அங்கே காக்கப்படுவது விருந்துண்டவர் வரலாறு. விருந்து சமைத்தவர் வரலாறன்று.

தொழிலாளர்க்கு உல்லாசமே இல்லையென்பதும் பிழை. மாசி மாதத்துக் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், அம்மன் கோயில் தேர்விழாவும் அவர்தம் ஓய்வுக் காலத்தின் செல்வங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரங் குடும்பங்கள் தமிழகஞ் சென்றன. கூத்து வாத்தியாரும், தப்படித்தவரும், பாடல் அறிந்த பாட்டிமாரும் அவ்வாறு பிரிந்தபோது ஏட்டில் ஏறாத வரலாறும் உடன் சென்றது. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்திராவிடின் எஞ்சியவையும் மறைந்திருக்கும். கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே 2007இல் திறக்கப்பட்ட தொழிலாளர் நூதனசாலை இத்திசையில் நல்லதொரு தொடக்கமாகும்.

ஒரு நூதனசாலை மட்டும் இப்பெரும் பணிக்குப் போதாது. இம்மலைகளிற் கல்வி கற்பிப்போரும் கற்போரும் இதனைத் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும். பங்களாவிற் பணியாற்றிய முதியோரின் வாய்மொழியை ஆண்டும் தோட்டப் பெயருங் குறித்து எழுதுதல், பழைய செக்ரோல் ஏடுகளையும் துண்டுகளையும் திருவிழா அறிவித்தல்களையும் கறையானுக்கு இரையாகாமற் பேணுதல், கூத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தல் ஆகியன பெரும்பொருள் வேண்டாத பணிகள். மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு முதியவரைக் கண்டு உரையாடினும் சில ஆண்டுகளில் ஒரு பெருந்தொகுதி உருவாகும். கட்டடம் பழுதுற்றால் மீண்டும் கட்டலாம். முதியவர் ஒருவர் மறைந்தால் அவரோடு மறைந்ததை மீட்க வழியில்லை. ஆதலின் இப்பணி இப்பொழுதே தொடங்கற்பாலது.