த்ரி-கிரீன்

த்ரி-கிரீன்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதாபாத்திர விளையாட்டில் இடம்பெறும், உறக்கமே இல்லாத பூச்சியினம். உருவத்தில் கும்பிடுபூச்சியை ஒத்தது. நான்கு கைகள், இரண்டு கால்கள், கடினமான மேலோடு கொண்டது. 1983இல் வெளியான இரண்டாம் மான்ஸ்டர் மேனுவலில் எதிரி உயிராக இடம்பெற்ற இது, 1991இல் வந்த டார்க் சன் தொகுப்பில் ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரமானது. அத்தொகுப்பின் பாலைவன உலகான ஆதாஸில் இவ்வினத்தார் வேட்டைக் கூட்டங்களாக அலைகின்றனர். ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகளே.

உறங்காமை இராக்காவலை எளிதாக்கும் சலுகை மட்டுமே என்பது பொதுக் கருத்து. ஆனால் அதன் மதிப்பு பாத்திரத்தின் மனப்போக்கை வடிவமைப்பதில்தான் இருக்கிறது. குறுகிய ஆயுளை முழுதும் விழித்தே கழிக்கும் உயிருக்கு, தோழர்கள் இரவுதோறும் கண்மூடிக் கிடப்பது சோம்பலாகத் தெரியும். ஆயினும் அவர்களைத் தன் கூட்டமாகக் கருதுவதால் காவலும் காக்கும். இந்த முரண் நடிப்புக்கு நல்ல தீனி. பதுங்கித் தாக்கும் எதிரிகளை இந்த உறங்காமை செல்லாக்காசாக்கி ஆட்டச் சமநிலையைக் குலைக்கும் என்பர் சிலர். விதிகள் அதற்கு இடம் தரவில்லை: 2022இல் வந்த ஸ்பெல்ஜாமர் என்னும் விளையாட்டுத் தொகுப்பில், நீண்ட ஓய்வின்போது விழித்திருக்கலாமே தவிர, ஓய்வின் பலன் வேண்டுமானால் கடும் உழைப்பைத் தவிர்த்தே ஆகவேண்டும். விழித்திருக்கும் ஒருவரையும் இருளில் ஏமாற்றலாம். மனித மனத்தால் பூச்சியாக நடிக்க இயலாது என்ற மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் முழு அந்நியத்தன்மை இங்கே தேவையில்லை. உறக்கமின்மை என்ற ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நடித்தாலே பாத்திரம் நிலைபெறும்.